கிண்டிலுக்கு நூல் போகாதபோது

தறி நூலைப் பார்த்தே கண் மங்கிய பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கட்டும் என்றே நம் நூலகத்தில் கிண்டில் வைத்தோம். காலிபர் மென்பொருளில் இருந்து அனுப்பிய நூல்கள் போகவில்லை. கருவியைக் குறை சொன்னோம், பிழை நம்முடையதே.

2022 மே 30 முதல் ஜிமெயில் இத்தகைய மென்பொருள்களில் வழக்கமான பாஸ்வேர்டை ஏற்பதில்லை. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்ட்' பெற வேண்டும். சர்வர் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் 587, டிஎல்எஸ். அனுப்பும் முகவரியை அமேசான் கணக்கின் அனுமதிப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். இல்லையேல் மெயில் போயும் நூல் சேராது. கோப்பு இபப் ஆக இருக்கட்டும்; மோபி வேண்டாம்.

அந்தப் பாஸ்வேர்ட் அமானிதம், எவரிடமும் சொல்லாதீர்கள். பிள்ளைகளே, வீட்டுப் பெரியவருக்கு இன்றே ஒரு நூல் அனுப்பிக் கொடுங்கள்.