தமக்கைக்கு உரிய கடன்

திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்கு வாயிலில் இராசகோபுரத்தைக் கடந்து உட்செல்வோர் அடுத்துக் காண்பது வல்லாள மகாராசன் கோபுரம். போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பியது அது. அதன் மேலிருந்து உயிர்விடத் துணிந்து வீழ்ந்த ஒருவரை முருகப்பெருமான் தாங்கிக் காத்தான் என்று அவ்வூரார் கூறுவர். அவரே பின்னாளில் திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர்.

விசயநகர வேந்தன் பிரபுடதேவராயனைப் பாடலில் அவர் குறித்திருப்பதால், 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் எனத் துணியலாம். அவரது இளமை பற்றி வழங்குவதோ செவிவழிக் கதைதான். எனினும் அக்கதையை நான் தள்ளிவிட விரும்பவில்லை. நம் வீடுகளில் இன்றும் நடப்பது அதில் இருக்கிறது.

தம்பியைத் தாயாக இருந்து வளர்த்தாள் ஒரு தமக்கை. அவனோ இருந்த பொருளையெல்லாம் பரத்தையரிடம் தொலைத்தான். உடலில் நோயும் வந்தது. அவன் கேட்டபோதெல்லாம் அவள் கொடுத்தாள். கொடுக்க ஒன்றுமில்லாத நாளில் மனம் நொந்து அவள் கூறிய சொல் அவனைச் சுட்டது. கோபுரம் ஏறினான்.

இதன்பின் கதை இறைவன் அருளையும் பாட்டையும் பற்றியே செல்கிறது. அந்தத் தமக்கை என்ன ஆனாள்? அவள் இழந்த பொருளை யார் கொடுத்தார்? கதை சொல்பவர் பலரும் இதைக் கேட்பதில்லை. தம்பி கோபுரத்தின் மேலிருந்து வீழ்ந்து மாண்டிருந்தால் அவளுடைய கடன் தீர்ந்திருக்குமா? வளர்த்த கைகளுக்கு மற்றுமொரு துயரம் சேர்ந்திருக்கும், அவ்வளவே.

இக்கேள்வியை நேரே எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்க நாட்டில் இருந்தனர். ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 1935ஆம் ஆண்டு, குடிக்கு அடிமையான இருவர் சந்தித்தனர். ஒருவர் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன். மற்றவர் அறுவை மருத்துவர் இராபர்ட் ஸ்மித். அவர்கள் தொடங்கியதே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமைக் கூட்டம். அதன் பன்னிரண்டு படிகள் 1939இல் நூலாக வெளிவந்தன. எட்டாம் படி, தாம் தீங்கிழைத்தவர் அனைவரின் பெயரையும் பட்டியலாக எழுதச் சொல்கிறது. ஒன்பதாம் படி, இயன்றவிடத்தெல்லாம் அவர்களிடமே நேரில் சென்று ஈடுசெய்யச் சொல்கிறது. அவ்வாறு செல்வது அவர்களுக்கோ பிறருக்கோ கேடு தருமாயின் விலக்கும் அளிக்கிறது. இவ்விலக்கை நான் மிகவும் மதிக்கிறேன். தன் நெஞ்சின் பாரத்தை இறக்குவதற்காகப் பிறர் நெஞ்சைப் புண்ணாக்குதல் ஈடு ஆகாது அன்றோ?

மருத்துவர் ஸ்மித் முதலில் இதற்கு அஞ்சினார். ஊரார் அறிந்தால் தம் தொழில் கெடும் என்பது அவர் கவலை. கடைசியாகக் குடித்த அன்று ஓர் அறுவை சிகிச்சையை முடித்தவர், நெடுநேரம் வீடு திரும்பவில்லை. மறுபடியும் குடிக்கப் போய்விட்டாரோ என்று வீட்டார் கலங்கினர். அவரோ தெரிந்தவர்களையும் கடன் கொடுத்தவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிச் சென்றுகொண்டிருந்தார்.

'மன்னித்துவிடு' என்பது எளிய சொல். குடிப்பவனின் மனைவி அச்சொல்லைப் பலமுறை கேட்டுச் சலித்தவள். அடகுக் கடையில் இருக்கும் வளையலை மீட்டுக் கொடுப்பதும், மகன் பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணத்தை மாதந்தோறும் தவறாமல் கொடுப்பதும், மாலையில் சொன்ன நேரத்தில் வீடு சேர்வதுமே ஈடு. இவற்றைச் செய்தபின்னும் அவள் நம்ப மறுக்கலாம். அது அவள் உரிமை. மன்னிப்பு, ஈட்டுக்கு விலையாகக் கேட்கத்தக்கது அன்று.

மாணவ நேயர்களே! நீங்கள் அவ்வீட்டுப் பிள்ளைகளாயின், தந்தையை உடனே நம்பியாக வேண்டும் என்று உங்களை யாரும் வற்புறுத்த இயலாது. சில திங்கள் பார்த்திருந்து நம்பலாம்.

பட்டியலில் தம் பெயரையும் சேர்த்துக்கொள்வோர் உண்டு. கெட்ட ஈரலுக்கு மருத்துவம் பார்ப்பது, விட்ட தொழிலை மீண்டும் பழகுவது, வேளைக்கு உண்டு உறங்குவது ஆகியவை தமக்குத் தாமே செலுத்தும் கடன்கள். தன்னை ஓயாது வைதுகொள்பவன் இக்கடனைச் செலுத்துவதில்லை. மனம் சோர்ந்து குடிக்கே திரும்புவதும் உண்டு.

தீங்கு அடைந்தவர் இறந்துவிட்டால் என் செய்வது? அவர் மக்களிடம் கடனைச் சேர்ப்பிக்கலாம். மக்களும் இல்லையெனில், அவர் போலவே தம்பி ஒருவனால் துயருறும் வேறொரு தமக்கையின் வீட்டுக்குப் போய், அந்தத் தம்பியை இத்தகைய கூட்டத்திற்கு அழைத்துச் செல்லலாம். பன்னிரண்டாம் படியின் வேலையும் அதுவே.