லப் – டப்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு, கண்டிக்கு அயலிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு தாயின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். மலையேறிக் கொழுந்தெடுக்கையில் மூச்சு வாங்குகிறது என்பது அவர் முறைப்பாடு. இரத்தக் குறைவென்று எண்ணிப் பல மாதம் பொறுத்திருந்தாராம். "உள்ளுக்கு என்னா தம்பி கேக்குது?" என்று வினவினார். மிஷன் பாடசாலையில் பயின்று, மருத்துவத்தை ஆங்கிலத்தில் கற்பவன் நான். தமிழில் வாய் எழவில்லை. "ஒன்றுமில்லை அம்மா" என்றேன். உண்மையில் என் காதுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

அவர் கேட்ட கேள்விக்கே இன்று விடை கூற முயல்கிறேன்.

இருதயம் ஏறக்குறைய அவரவர் மூடிய கையின் அளவினது. நெஞ்செலும்பின் பின்னே சற்று இடப்புறம் சாய்ந்து கிடக்கிறது. மேலே இரண்டு சோணையறைகள். கீழே இரண்டு இதயவறைகள். வலப்பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்ப, இடப்பக்கம் அங்கிருந்து திரும்பியதை உடலெங்கும் தள்ளுகிறது. வந்த வழியே இரத்தம் மீளாதிருக்க நான்கு வால்வுகள் உண்டு. அவற்றை ஒருபக்கமே திறக்கும் கதவுகள் எனலாம். நல்ல கதவு திறக்கையில் ஓசையில்லை, சாத்தும்போதே ஓசை. இதயவறைகள் சுருங்கத் தொடங்கும்போது, மேலறைகளுக்கும் அவற்றுக்கும் இடைப்பட்ட இரு கதவுகள் சாத்துவது "லப்". பெருநாடி, நுரையீரல் நாடி ஆகியவற்றின் வாயிற்கதவுகள் பின்னர் சாத்துவது "டப்". எது முதலொலி என்ற மயக்கம் மாணவர்க்கு எப்போதும் உண்டு. கழுத்து நாடியில் விரலை வையுங்கள்; நாடி எழும்போது கேட்பதே முதலொலி.

1816இல் பாரிசில் லெனெக் என்னும் வைத்தியர் கடதாசியைக் குழலாய்ச் சுருட்டி, ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம் அதுவே.

அத்தாயை எங்கள் ஆசிரியர் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் செய்து, கருவியின் மணி போன்ற முகத்தை இருதய நுனியில் மெல்ல வைக்கச் சொன்னார். டப்புக்கும் அடுத்த லப்புக்கும் நடுவே, மௌனம் இருக்கவேண்டிய இடத்தில், கடுகண்ணாவ ஏற்றத்தில் தூரத்தே லொறி ஏறுவதுபோல் ஓர் உறுமல்! இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள கதவின் இதழ்கள் ஒட்டி, வழி ஒடுங்கியிருந்தது.

இதன் வேர் பெரும்பாலும் சிறுவயதுத் தொண்டை நோவில் இருக்கிறது. ஒருவகைக் கிருமியால் தொண்டை நொந்து, சில வாரங்களில் மூட்டுக்கள் மாறி மாறி வீங்கிக் காய்ச்சல் வரும். அதுவே வாதக் காய்ச்சல். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் சக்தி தன் வால்வுகளையே தாக்குகிறது. மூட்டு ஆறிவிடும்; வால்வின் வடு ஆண்டுகள் சென்றபின் மூச்சுத் திணறலாய் வெளிப்படும். பலர் நெருங்கி வாழும் லயக் காம்பராவில் இக்கிருமி எளிதிற் பரவும். காலத்தில் கொடுக்கும் பெனிசிலின் இதைத் தடுக்கும். வாதக் காய்ச்சல் ஒருமுறை வந்தவருக்கோ மூன்று நான்கு வாரத்துக்கொரு பெனிசிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு வேண்டும்.

இவற்றைத் தமிழிற் சொல்லமுடியாதென நான் சாட்டுச் சொல்ல இயலாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். உடற்கூற்று நூலொன்றை 1872இல் "மனுஷ அங்காதிபாதம்" எனத் தமிழில் தந்தவரும் அவரே.

மறுநாள் அத்தாயிடம் போனேன். "நெஞ்சுக்குள் ஒரு கதவு ஒட்டிக்கிடக்கிறது அம்மா" என்றேன்.

"தொறக்க முடியுமா தம்பி?"

சிலருக்குக் குழாய்வழியே பலூனைச் செலுத்தி விரிப்பார்கள் என்றேன். சற்று யோசித்தார். பிறகு அவர் கேட்டது தம் மகளின் தொண்டை நோவைப் பற்றி.