கரையழியும் முன்னே
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)

 

வேலந்தாவளத்தில், கேரள எல்லையோரத்தே வாழும் நாம் கடலைக் காண்பது அரிது. ஆயினும் காவிரி கடல்புகும் பூம்புகாரை மறந்தோமில்லை. அவ்வூரைக் கடல் கொண்டதென மணிமேகலை கூறும். அக்கரையைக் கடல் இன்றும் அரித்து வருகின்றது.

அதனருகே கீழையூரில், 1960களில் மத்தியத் தொல்பொருள் துறையினர் அகழ்ந்தபோது, செங்கற் படகுத்துறையும் மரக்கம்பங்களும் வெளிப்பட்டன. கரிமக் கணிப்பால் அம்மரம் ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டினது எனத் தெளிந்தனர்.

உயிருள்ள மரம் காற்றினின்று கரிமம்-14 என்பதை ஏற்கும்; பட்டபின் ஏலாது. ஏற்றது 5,730 ஆண்டுகளிற் பாதியாகும். எஞ்சியதை அளந்து வயதறிவர். இம்முறை கண்ட அமெரிக்க அறிஞர் லிபி 1960இல் நோபெல் பரிசு பெற்றார்.

ஆனால் ஒன்று: மண்ணடுக்கில் நிலைத்த மரமே ஊரின் காலத்தை உரைக்கும். அலை பெயர்த்தெறிந்த கட்டை தன் வயதை மட்டுமே சொல்லும்; எவ்வூரினது, எத்துறையினது என்று சொல்லாது.

ஆதலின், நம் பக்கத்து ஓடைக்கரைகளை மழைவெள்ளம் அறுக்க, முதுமக்கள் தாழிகள் தலைகாட்டுமாயின், உடையாமலும் உள்ளிருக்கும் கரியைக் கையாலளையாமலும் காத்துத் தொல்லியல் துறைக்கு உடனே அறிவிப்போமாக. படியெடுத்த ஏடு அழிந்தாலும் நூல் பிழைக்கும். கரைந்த மண்ணடுக்குக்குப் படியில்லை.