கேட்பார்க்கு ஏற்ற கதை
(வெள்ளி விழாவையொட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் கல்விச் சங்கத்தின் 25 ஆண்டு வரலாற்றை எழுதும் பொறுப்பை மலர்க்குழுவினர் இளைஞர் சிலரிடம் ஒப்படைத்துள்ளனர். அவ்விளைஞர்கள் நம்மிடம் வந்து, "ஐயா, எதை எழுதுவது, எதை விடுவது?" என்று வினவினர். நல்ல வினா. இதே வினாவை ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எதிர்கொண்ட நால்வர் உளர். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் பெயர்களால் வழங்கும் நற்செய்தி நூல்களை இயற்றியோரே அவர்கள். இந்த அவையில் கோயிலுக்குச் செல்வோரும் உள்ளனர். தேவாலயத்துக்குச் செல்வோரும் உள்ளனர். இரண்டுக்கும் செல்லாதோரும் உள்ளனர். நாம் சமயம் பேச வரவில்லை. ஒரே மனிதரின் வாழ்வை நால்வர் நான்கு விதமாகச் சொன்னது ஏன் என்பதை மட்டுமே ஆராய வந்தோம்.

சிறியதொரு செய்தியில் தொடங்குவோம். முடக்குவாதமுற்ற ஒருவரைப் படுக்கையோடு சுமந்து வருகின்றனர். வீட்டு வாயிலில் பெருங்கூட்டம். உள்ளே நுழைய வழியில்லை. எனவே மேலே ஏறிக் கூரையைத் திறந்து அவரை உள்ளே இறக்குகின்றனர். கூரையைத் தோண்டினார்கள் என்கிறார் மாற்கு. ஓடுகளின் வழியே இறக்கினார்கள் என்கிறார் லூக்கா. இவருள் யார் பொய்யர்? இருவரும் அல்லர். பாலஸ்தீனத்துச் சிற்றூர்களில் மரச்சட்டங்களின் மேல் மிலாறு பரப்பி, மண் பூசிய தட்டைக் கூரைகளே மிகுதி. மண் கூரையைத் தோண்டத்தான் வேண்டும். லூக்கா எழுதியதோ கிரேக்க மொழி வழங்கிய நகரத்தார்க்கு. அவர்கள் அறிந்த வீடு ஓட்டு வீடு. கரிசற்காட்டு மண் வீட்டில் பிறந்து, இன்று நகரத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பாட்டிமார் இந்நுட்பத்தை நன்கறிவர்.

மாற்கு நூலிலும் இத்தகைய பரிவு உண்டு. உண்ணுமுன் கை கழுவும் யூத மரபை அவர் விளக்கிச் செல்கிறார். அதை அறியாத பிறநாட்டாரும் அவருடைய நூலைப் படித்தனர் என்பது இதனால் விளங்கும். ஏழைக் கைம்பெண் காணிக்கையிட்ட இரண்டு சிறு காசுகளின் மதிப்பை அவர் உரோமானிய நாணயக் கணக்கில் சொல்கிறார். இயேசு பேசிய அரமேயச் சொற்களை எடுத்தாளுமிடத்துப் பொருளும் கூறுகிறார். நான்கனுள் முதலில் எழுந்தது மாற்குவின் நூலே, கி.பி. 70ஐ ஒட்டி அது எழுதப்பட்டது, மத்தேயுவும் லூக்காவும் அதனைக் கண்முன் வைத்தே எழுதினர் என்று ஆய்வாளர் பெரும்பாலோர் கருதுவர். ஆகவே பின்னவர் இருவரும் தெரிந்தே சிலவற்றைச் சேர்த்தனர்; தெரிந்தே சிலவற்றை மாற்றினர்.

இங்கே இளைஞர் ஒருவர் எழுந்து, "அவரவர் கேட்போர்க்குப் பிடித்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதானே?" என்று கேட்கக்கூடும். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். யூத மரபில் ஊறியவர்க்கு எழுதிய மத்தேயு, ஆபிரகாமிலிருந்து குலவரிசையைத் தொடங்குகிறார். பிற இனத்தார்க்கும் எழுதிய லூக்கா, மனித குலத்தின் தந்தையான ஆதாம் வரை அவ்வரிசையைக் கொண்டு செல்கிறார். ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குவோமானால் வேறோர் உண்மை புலப்படும்.

குலப்பெருமை பேசும் அவைக்கு எழுதிய மத்தேயு, அந்தக் குலவரிசைக்குள்ளேயே தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகிய நான்கு பெண்களை வைக்கிறார். ராகாப் வேற்றினத்தாள், விலைமகள் எனப்பட்டவள். ரூத் மோவாப் நாட்டினள். பெருமை பேசுவோர் மறைக்க விரும்பும் பெயர்களை அவர் முதற்பக்கத்திலேயே எழுதினார். பிறந்த குழந்தையை அவர் நூலில் தேடி வந்து வணங்குவோரும் கீழ்த்திசையிலிருந்து வந்த அயல்நாட்டு ஞானியரே.

லூக்கா தம் நூலைத் தெயோபிலு என்பாருக்கு எழுதுகிறார். ஆளுநர் போன்றோர்க்குரிய மதிப்படையோடு அவரை விளிக்கிறார். அத்தகைய பெரிய மனிதரிடம் எந்தக் கதைகளைச் சொன்னார்? கால்நடைகளின் தீவனத் தொட்டியில் குழந்தை கிடத்தப்பட்டதை, ஆடு மேய்ப்போர் முதலில் செய்தி பெற்றதை, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த இரவே மாண்டுபோன செல்வனை, தினமும் விருந்துண்டவனின் வாயிலிற் புண்ணோடு கிடந்த லாசரை. இவை நான்கும் லூக்காவின் நூலில் மட்டுமே உள்ளவை. மத்தேயு உள்ளத்தால் எளியோரை வாழ்த்தும் இடத்தில், லூக்கா ஏழைகளையே வாழ்த்துகிறார். அதனோடு நில்லாமல் செல்வரை எச்சரிக்கவும் செய்கிறார்.

யோவான் மட்டுமே சொல்லும் கதையொன்றை நம் தாய்மார்கள் எளிதில் உணர்வர். சமாரியப் பெண்ணொருத்தி நண்பகலில் கிணற்றுக்கு வருகிறாள். அவளிடம் இயேசு தண்ணீர் கேட்கிறார். அவள் திகைக்கிறாள், ஏனெனில் யூதர் சமாரியரோடு புழங்குவதில்லை. குடத்தோடு கிணற்றடியில் ஒதுங்கி நின்று, பிறர் ஊற்றும் தண்ணீருக்குக் காத்திருந்த தலைமுறை இந்த அவையிலும் உண்டு. தண்ணீர் கேட்டவர் யார், கேட்கப்பட்டவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். அக்கதையின் பொருள் விளங்கும்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? கேட்போர் அறிந்த மொழியில், அறிந்த வீட்டை வைத்துச் சொல்ல வேண்டும். ஆனால் கேட்போர் விரும்புவதை அன்று, கேட்போர்க்கு வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

நம் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் தொண்டாற்றிய வீரமாமுனிவரும் (1680–1747) அவையறிந்து எழுதியவரே. புலவர் அவைக்கென, சூசையை வளன் என்னும் பெயரால் தலைவனாக்கித் தேம்பாவணி என்னும் காப்பியத்தை இயற்றினார். காப்பிய மரபையொட்டி நாட்டு வளமும் நகர வளமும் பாடினார். வேதம் போதிக்கும் உபதேசியார்களுக்கு வேதியர் ஒழுக்கத்தை உரைநடையில் எழுதினார். எளிய மக்கள் கேட்டுச் சிரிக்கும்படி பரமார்த்த குரு கதையையும் அவரே அளித்தார். எழுதிய கை ஒன்று. அமர்ந்திருந்த அவைகள் மூன்று.

கதையைத் தெரிந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அதிகாரமும் இருக்கிறது என்பதையும் மறத்தலாகாது. நம் முன்னோர்க்கு எந்தக் கதையைச் சொல்வது என்பதை நெடுங்காலம் பிறரே முடிவு செய்தனர். பணிந்திரு, பொறுத்திரு என்னும் பகுதிகள் உரக்க ஓதப்பட்டன. ஒடுக்கப்பட்டோர்க்கு விடுதலை என்று நாசரேத்தூரில் இயேசு படித்ததாக லூக்கா எழுதிய பகுதி மெல்ல ஓதப்பட்டது. அதே நூலை ஓதிய தேவாலயங்கள் பலவற்றில் தனி இருக்கையும் தனிக் கல்லறையும் இருந்தன.

இவ்வுரிமையைத் தம் கையில் எடுத்தவர் அண்ணல் அம்பேத்கர். முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டே சித்தார்த்தர் துறவு பூண்டார் என்னும் வழக்கமான கதையை அவர் ஏற்கவில்லை. இருபத்தொன்பது வயது வரை ஒருவர் இவற்றைக் காணாதிருந்திருக்க இயலுமா என்று வினவினார். ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் பூசலிட்டபோது போரை எதிர்த்து நின்றதாலேயே சித்தார்த்தர் நாடு நீங்கினார் என்று எழுதினார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்தது. வானம் பார்த்த பூமியில் தண்ணீர்ப் பூசலை அறிந்த நமக்கு அக்கதை அயலானதன்று.

இனி நம் பள்ளி அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் "எங்கள் ஊர்" என்று கட்டுரை எழுதச் சொன்னோம். நம் தெருப் பிள்ளையொருவன் கோயிலை எழுதினான், தேரை எழுதினான், கண்மாயை எழுதினான். தன் தெருவை எழுதவில்லை. காரணம் கேட்டோம். "மார்க்கு குறைஞ்சிரும்னு நினைச்சேன் சார்" என்றான். பதின்மூன்று வயதிலேயே அவனும் கேட்போர்க்கு ஏற்பக் கதையைத் தெரிந்தெடுத்துவிட்டான். கேட்போரின் விருப்பத்திற்காகத் தன்னையே விட்டுவிட்டான். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் அவன் அஞ்சிய அந்த "கேட்போர்" நாமே.

ஆகவே மலர் எழுதும் இளைஞர்களே, உங்கள் முன் மூன்று அவைகள் உள்ளன. அரசு அதிகாரிகளும் நன்கொடையாளர்களும் படிப்பார்கள். அவர்களுக்கு நம் வறுமையை மட்டும் காட்டாதீர்கள். வீடு வீடாகத் திரட்டிய பிடியரிசியை விற்று முதல் கரும்பலகை வாங்கியதை எழுதுங்கள். பிற சமூகத்தார் படிப்பார்கள். அவர்களுக்குக் கிணற்றடியை எழுதுங்கள், வெறுப்பின்றி, ஆனால் விடாமல் எழுதுங்கள். நம் மக்களும் படிப்பார்கள். நம்மவர்க்கு நம் பெருமையை மட்டும் எழுதாதீர்கள்.

நம்மவர்க்கு வேண்டிய கதை எது என்று கேட்டால், நம் வீட்டிலிருந்தே சொல்கிறோம். விடியுமுன் வரும் வண்டியில் ஏறி நம் தமக்கையார் தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்றார். கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் அவர் ஈட்டிய கூலியில் நாம் பி.ஏ., பி.எட். படித்தோம். ஐந்தாம் வகுப்போடு நின்ற அவர் நம்மினும் கூர்த்த மதியுடையவர். மேடையில் நமக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இத்தகைய தமக்கையர் எத்தனை பேர்? சங்கத்தின் முதல் செயற்குழுவில் ஒரு பெண்ணும் இடம்பெறாதது ஏன்? நமக்குள்ளேயே ஒரு தெருவார் இன்னொரு தெருவாரைச் சற்றுத் தள்ளி அமர்த்தியதில்லையா? மத்தேயு அந்த நான்கு பெண்களையும் முதற்பக்கத்தில் எழுதத் துணிந்தார். நீங்களும் துணியுங்கள்.

முடிவாக ஒன்று. இரண்டு வீடுகளின் உவமையை மத்தேயுவும் சொல்கிறார், லூக்காவும் சொல்கிறார். மத்தேயு பாறைமேற் கட்டிய வீட்டையும் மணல்மேற் கட்டிய வீட்டையும் காட்டுகிறார். லூக்காவின் மனிதனோ ஆழத் தோண்டிப் பாறையில் அடித்தளம் இடுகிறான். நம் கரிசல் மண்ணுக்கு லூக்காவின் கதையே பொருந்தும். மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் இம்மண்ணின்மேல் அப்படியே சுவரெழுப்பினால் சுவர் விரியும் என்பதை நம் கொத்தனார்கள் அறிவர். கரிசலைத் தாண்டிக் கெட்டியான அடிநிலம் தட்டும்வரை தோண்டிய பின்னரே அவர்கள் கல் வைப்பர். நம் வரலாற்றையும் அவ்வாறே தோண்டி எழுதுங்கள். தோண்டும்போது மேலே வரும் மண் சிலர் மேல் படும். நம் மேலும் படும். படட்டும்.