குதிரையும் தொண்டரும்



குதிரை என்றதும் நம் உள்ளத்தில் எழும் காட்சி யாது? போர்க்களத்திற் பாய்ந்து செல்லும் வீரன். வீதியுலா வரும் மன்னன். பந்தயத் திடலில் முந்தி ஓடும் சவாரிக்காரன். தேர், யானை, குதிரை, காலாள் எனப் படையை நால்வகையாகப் பகுத்த நம் முன்னோரும் குதிரையை வலிமை உடையோரின் ஊர்தியாகவே கண்டனர். அத்தகைய விலங்கின் முதுகில், எழுந்து நிற்கவும் இயலாத குழந்தையொன்றை அமர்த்துவது பேதைமையன்றோ எனச் சிலர் வினவலாம். அவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையாலேயே விடையளித்தவர் டென்மார்க் நாட்டுப் பெண்மணி ஒருவர்.

லிஸ் ஹார்டெல் என்பது அவர் பெயர். 1921ஆம் ஆண்டிற் பிறந்த அவர் இளமையிலேயே குதிரையேற்றத்திற் தேர்ச்சி பெற்றவர். 1944ஆம் ஆண்டில், அவர் கருவுற்றிருந்த வேளையில், இளம்பிள்ளை வாதம் அவரைப் பற்றிக்கொண்டது. குழந்தை நலமாகப் பிறந்தது; ஆனால், தாயின் கால்கள் முழங்காலுக்குக் கீழே செயலற்றுப் போயின. அவர் மனந்தளர்ந்தாரல்லர். விடாமுயற்சியால் உடலை மெல்ல மெல்லத் தேற்றி, மீண்டும் குதிரையின்மீது அமர்ந்தார். ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டியிருந்தது. ஏறிய பின்னரோ ஜூபிலி என்னும் அவரது பெண்குதிரை அவருக்குக் கால்களாயிற்று.

1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. குதிரையை நயமாக நடத்திக் காட்டும் போட்டியில் ஆடவரோடு பெண்டிரும் பங்குபற்ற முதன்முதலாக இடமளிக்கப்பட்டது அவ்வாண்டிலேதான். அதில் ஹார்டெல் அம்மையார் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956ஆம் ஆண்டில், ஸ்டொக்ஹோம் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டியிலும் அவர் வெள்ளிப் பதக்கமே பெற்றார். அவருடைய வெற்றி பல நாடுகளிற் புதியதோர் எண்ணத்தை விதைத்தது. உடற்குறை உடையோருக்குக் குதிரையேற்றம் ஒரு பயிற்சியாகவும் சிகிச்சையாகவும் அமையலாம் என்னும் எண்ணமே அது. 1969ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் இதற்கெனத் தேசியச் சங்கமொன்று நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே வட அமெரிக்காவிலும் அத்தகைய சங்கம் தோன்றிற்று.

குதிரையால் விளையும் நன்மை யாது? குதிரை மெல்ல நடக்கும்போது, அதன்மேல் இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைந்து, சற்றே திரும்பவுஞ் செய்கின்றது. மனிதன் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இவ்வாறேயாம். எனவே, ஒருநாளும் நடந்தறியாத குழந்தையின் உடல் நடையின் இயக்கத்தை உணர்கின்றது. ஒவ்வோர் அடிக்கும் குழந்தை தன் உடலை நிமிர்த்திச் சமநிலை காக்க முயல்கின்றது. குதிரையின் உடற் சூடும் சீரான அசைவும், இறுகிய தசைகள் தளர உதவுகின்றன. இது நோயை அடியோடு போக்கும் மருந்தன்று. எல்லார்க்கும் ஏற்றதுமன்று. முதுகெலும்பு, கழுத்தெலும்பு ஆகியவற்றிற் குறையுடைய சிலருக்கு இதனால் இடர் விளையவுங் கூடும். மருத்துவரின் இசைவு பெற்ற பின்னரே பயிற்சி தொடங்கவேண்டும்.

இப்பணிக்கு எல்லாக் குதிரைகளும் ஏற்றவையல்ல. வேகமும் வீறும் இங்கே வேண்டப்படுவன அல்ல, பொறுமையே வேண்டப்படுவது. குழந்தை திடீரெனக் கூவலாம், பிடரி மயிரைப் பற்றி இழுக்கலாம், ஒருபுறமாகச் சரியலாம். ஊன்றுகோலொன்று ஓசையுடன் தரையில் விழலாம். இவற்றுக்கெல்லாம் மிரளாத குதிரையே தேர்ந்தெடுக்கப்படுகின்றது. வயது முதிர்ந்த குதிரையும் இதற்குப் பயன்படும். ஆனால் நொண்டும் குதிரை பயன்படாது. அதன் சீரற்ற நடை குழந்தையின் உடலையே சென்று சேரும். குதிரைக்கும் சோர்வு உண்டு. செவிகளைப் பின்னே மடித்தும் வாலைச் சுழற்றியும் அது தன் சலிப்பை உணர்த்துகின்றது. அக்குறிப்பை அறிந்து, ஓய்வு கொடுத்துப் புல்வெளியில் மேயவிடுவது அறமுடையோர் கடன்.

இனி, தொண்டர்களைக் காண்போம். உதவி மிகுதியாக வேண்டும் ஒரு குழந்தைக்கு மூவர் துணை நிற்பர். ஒருவர் குதிரையின் தலைப்பக்கம் நின்று வாரைப் பிடித்து நடத்துவார். அவர் கருத்து முழுவதும் குதிரைமீதே இருக்கும். ஏனைய இருவரும் இருபுறமும் நடப்பர். அவர்கள் கண் குழந்தையை விட்டு அகலாது. குழந்தையின் தொடைமீது கையை வைத்தபடியே வட்டம் வட்டமாக நடப்பார்கள். கை கடுத்தாலும் இருவரும் ஒருங்கே கையை எடுத்தல் ஆகாது. மாணவர், இல்லத்தரசியர், ஓய்வுபெற்றோர் எனப் பலதிறத்தாரும் ஊதியம் பெறாது இதனைச் செய்கின்றனர். இலாயத்தைத் துப்புரவாக்குதல், குதிரையைத் தேய்த்துவிடுதல், சேணத்தைத் துடைத்தல் ஆகியனவும் அவர்கள் பணியே.

இவற்றினும் கடினமான பணி ஒன்று உண்டு. அது, வேண்டாத உதவியைச் செய்யாதிருத்தல். குழந்தை சற்றே சாய்ந்தவுடன் இழுத்து நிமிர்த்திவிடுவது எளிது. ஆனால், நல்ல தொண்டர் கையை அருகே வைத்துக்கொண்டு ஒரு கணம் காத்திருப்பார். அந்தக் கணத்திலேதான் குழந்தை தானாக நிமிரக் கற்கின்றது. விழாமற் காப்பதும் வேண்டும், முயலவிடுவதும் வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள எல்லையை அறிவதே தொண்டின் நுட்பம்.

சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தை எல்லாரையும் அண்ணாந்தே பார்க்கின்றது. பிறர் தள்ளிய வழியே செல்கின்றது. குதிரைமேல் அமர்ந்தபோதோ மற்றவர்கள் அதனை அண்ணாந்து பார்க்கின்றனர். "நட" என்று அது சொல்ல, அத்துணைப் பெரிய விலங்கு அச்சொல்லுக்குப் பணிந்து அடியெடுத்து வைக்கின்றது. பிறர் சொற்படியே வாழ்ந்த குழந்தை, தன் சொல்லுக்கும் வலிமை உண்டென அறிந்துகொள்கின்றது.

குறையுடைய பிள்ளையை இரங்கத்தக்க பொருளாகக் கருதி வீட்டின் உள்ளறையில் இருத்திவிடும் பெற்றோர் இன்றும் உளர். அவர்களது அன்பிற் குறையில்லை. ஆயினும், அவ்வன்பு பிள்ளையை முயலவிடுவதில்லை. எல்லா ஊரிலும் குதிரை கிடைப்பதில்லை. ஆனால், கையை அருகே வைத்துக்கொண்டு ஒரு கணம் காத்திருக்கும் பொறுமையை எவ்வீட்டிலும் பழகலாம். சோற்றைத் தானே எடுத்து உண்ணவும், சட்டையைத் தானே அணியவும், வாசலுக்கு வந்து அயலாரோடு பேசவும் அப்பிள்ளைக்கு இடங்கொடுப்போமாக.