சைகை மொழி தெரிந்த கவுன்சிலர்கள் எங்கே?

மாணவர் அணிப் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்:



குடிநோய்க்கு மருந்து பாதிதான்; மீதிப் பாதி பேச்சு. குடியை நிறுத்தினதும் வர்ற கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு இதையெல்லாம் டாக்டர் கவனிச்சுக்குவார். அதுக்கப்புறம் வாரக்கணக்கில் கவுன்சிலிங். ஏன் குடிக்கிறோம், எப்போ மனசு தடுமாறுது, யாரைக் காயப்படுத்தினோம்னு உட்கார்ந்து பேசணும்.

காது கேளாத ஒருத்தர் அங்கே போனா என்ன செய்வார்?

மனைவியைத் துணைக்குக் கூட்டிட்டுப் போகணும். மனைவிகிட்ட மறைச்சதை மனைவி வழியாவே எப்படிச் சொல்வார்? இல்லேன்னா பள்ளிக்கூடம் போற பிள்ளை. அப்பா பட்ட கடனையும் அம்மா வாங்கின அடியையும் அந்தப் பிஞ்சுக் கை சைகையில் சொல்லணுமா? இது நியாயமா?

2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு சொல்லுது: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. பொதுவான நிலைமையே இப்படி! 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறைந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவங்க கதி?

நம்மகிட்ட எதுவும் இல்லாமல் இல்லை. சென்னையில் 1952-லேயே சமூகப்பணிக் கல்லூரி வந்தாச்சு. 1980-ல் குடிநோயாளிகளுக்காகச் சாந்தி ரங்கநாதன் இதே சென்னையில் அமைப்பு தொடங்கினார். இந்திய சைகை மொழிக்கென்று டெல்லியில் 2015-ல் மத்திய நிறுவனம் வந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தகவல்தொடர்பு முறையாக ஏற்கிறது. மூணும் தனித்தனியா நிற்குது. ஒரே வகுப்பறைக்குள் வரணும், அவ்வளவுதான்.

நம் கோரிக்கைகள் மூன்று:

1. சமூகப்பணிப் பட்டப்படிப்பில் இந்திய சைகை மொழி, மதிப்பெண்ணுள்ள பாடமாக வேண்டும்.

2. அந்த மாணவர்களுக்குப் போதை மறுவாழ்வு மையத்திலும் காது கேளாதோர் பள்ளியிலும் களப்பணி வேண்டும்.

3. காது கேளாத இளைஞர்களே கவுன்சிலராகப் படிக்க இடமும், வகுப்பில் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். அந்த வலியை அவங்களைவிட யார் புரிஞ்சுக்குவா?

தம்பிகளே, பத்து சைகை கத்துக்கிட்டு ரீல்ஸ் போட்டா போதாது. அது தனி இலக்கணம் உள்ள முழு மொழி. வருஷக்கணக்கில் படிக்கணும். மொழிக்காகப் போராடின மண் இது. விரல்கள் பேசும் மொழிக்கும் நாம்தான் நிற்கணும்.

காது கேட்கிற நாம், அவர்களோடு சேர்ந்து கேட்போம். அரசுக்குக் கேட்கும்வரை கேட்போம்!