மூன்று கல் அடுப்பும் ஒரு தகட்டு அடுப்பும்

சூடானின் டார்ஃபூர் பகுதியில் போரால் வீடிழந்து முகாமுக்கு வந்த குடும்பங்களுக்கு விறகுதான் பெரும்பாடு. பெண்கள் மணிக்கணக்கில் நடக்க வேண்டும். வழியில் தாக்குதல் பயம் வேறு. அப்படிக் கொண்டுவந்த விறகை மூன்று கல் நடுவே எரித்தால், சூட்டில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். 2005-இல் அங்கே போன விஞ்ஞானி அசோக் காட்கிலும் அவர் குழுவினரும், காற்றை மறைத்துத் தீயைப் பானையடியிலேயே நிறுத்தும் இரும்புத் தகட்டு அடுப்பை உருவாக்கினார்கள். விறகு ஏறக்குறைய பாதி போதும்.

கல் சும்மா கிடைக்கிறதே, அடுப்புக்கு எதற்குச் செலவு என்று கேட்கலாம். கல் சும்மா கிடைக்கும், விறகு கிடைக்காதே! ஆனால் விறகு மிச்சமானால் மட்டும் போதாது. அங்கே அன்றாடச் சாப்பாடு அசீதா. ஏறக்குறைய நம் களிதான். களி கிண்டுகிற கைக்குத் தெரியும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று. அந்த அழுத்தத்துக்கும் ஆடாமல் நிற்கும்படிதான் அடுப்பை அமைத்தார்கள்.